சேற்றில் நின்ற கால்கள்

1907-ஆம் ஆண்டு நவம்பரில், தீவின் தென்கரையில் சவான் மாவட்டத்தில், ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊருக்குக் கீழே கடலை நோக்கி இறங்கும் சரிவில் நின்ற கரும்பெல்லாம் இலையைச் சுருட்டிக்கொண்டுவிட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு நல்ல மழை இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடத்தான் செய்தது. ஆனால் அது ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் ஓடியது. ஒரு குடம் நிரப்பிக்கொண்டு மேலே ஏறி வீடு சேருவதற்குள் பாதி காலைப்பொழுது போய்விடும்.

அந்தச் சரிவில் திருவேங்கடத்துக்கும் அவன் மனைவி தெய்வானைக்கும் இரண்டு அர்ப்பான் நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், இருந்தது. பெரிய தோட்டக்காரர்கள் தங்களுக்கு உதவாத ஓரங்களை வெட்டி, தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு விற்ற காலம் அது. இவர்களுக்குக் கிடைத்த துண்டில் கால்வாசி சதுப்புநிலம். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதை ‘மார்’ என்பார்கள். அங்கே கரும்பு வைத்தால் அழுகும், நெல் வைத்தால் சாயும். தெய்வானையின் வாத்துகளுக்கு மட்டும்தான் அது சொர்க்கம். அந்த வருஷம் அந்த மார்கூட வற்றி, கறுத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“மார்ல வெட்டுவோம்” என்றாள் தெய்வானை. “வருஷம் முழுக்கத் தண்ணி நின்ன இடம். கொஞ்சம் ஆழம் போனா ஊறாதா?”

திருவேங்கடம் பிக்காசை எடுத்துக்கொண்டு இறங்கினான். பதினைந்து வருஷத்துக்கு முன் அடித்த பெரிய சூறாவளியில் கூரை உத்தரம் விழுந்து அவனுடைய இடது கால் முறிந்திருந்தது. அன்றிலிருந்து நடையில் ஒரு சாய்வு உண்டு. ஆனால் மண் வெட்டுவதில் அவனுக்கு ஈடு அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. முதல் நாள் மாலைக்குள் இடுப்பளவு ஆழம் போய்விட்டான். இரண்டாம் நாள் காலையில் பிக்காசு எதிலோ பட்டு, சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தவன் அப்படியே குழிக்கு வெளியே ஏறி வந்துவிட்டான்.

“எலும்பு” என்றான். “நிறைய இருக்கு. இது ஏதோ சுடுகாடு. இங்க ஊறுற தண்ணியைக் குடிக்கவா முடியும்?”

தெய்வானை குழிக்குள் இறங்கினாள். கறுத்த மண்ணிலிருந்து ஓர் எலும்பை இழுத்து, முந்தானையில் துடைத்து, இப்படியும் அப்படியுமாகத் திருப்பினாள். காப்பிக்கொட்டை நிறத்தில், கையில் கனமாக இருந்தது. அவள் முப்பது கோழியும் பத்து வாத்தும் நாலு வான்கோழியும் வளர்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ‘கோழிக்கார தெய்வானை’ என்றால்தான் அவளைத் தெரியும். எத்தனையோ ஆயிரம் கோழிகளை அறுத்துத் துண்டு போட்ட கை அது.

“ஏங்க, இங்க பாருங்க.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது கோழிக்கால்.”

“உனக்கென்ன பைத்தியமா? என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம் இருக்கு.”

“கோழிக்கால்தான். தொடைக்குக் கீழ வர்ற எலும்பு. மேல முட்டு, கீழ உருளை, எல்லாம் அதே மாதிரி. ஆனா இந்தக் கோழி நின்னா என் இடுப்பு வரைக்கும் வந்திருக்கும்.”

திருவேங்கடம் அதைக் கேட்டு இன்னும் பயந்தான். இடுப்பளவு கோழி என்பது அவனுக்குப் பேயைவிட மோசமாகப் பட்டது. அன்றே அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, நிலத்தின் மேல்பக்கத்தில் வேறொரு கிணறு வெட்டத் தொடங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தெய்வானை முட்டைக்கூடையின் அடியில் அந்த எலும்பை வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனாள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: மிசியே ஃப்ரான்சிஸ். அவர் மருந்துக்கடையில் மருந்து கலப்பவர். ஐம்பது வயது, ஒல்லி, கல்யாணம் ஆகாதவர். ஓய்வு நாட்களில் குகை குகையாகப் புகுந்து எலும்பு பொறுக்குவார் என்று ஊரே கேலி செய்யும். தெய்வானை கடைக்குள் போய் எலும்பை மேசைமேல் வைத்தபோது அவர் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். அரைத்த கை நின்றது.

“போந்தியே!” என்றார். கடவுளே என்று அர்த்தம். பிறகு கிரியோலில் கேட்டார்: “மதாம், இது இன்னும் இருக்கிறதா?”

“கூடை கூடையா இருக்கு, மிசியே.”

கல்வத்தை அப்படியே வைத்துவிட்டு அவர் தொப்பியைத் தேடினார். தொப்பி தலையில்தான் இருந்தது.

அன்று பிற்பகலே குழிக்குள் இறங்கிவிட்டார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் மலர, ஒவ்வொரு எலும்பையும் தூரிகையால் துடைத்துத் துணியில் வைத்தார். தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். இருவரும் கிரியோலில் பேசிக்கொண்டார்கள்.

“இது டோடோ” என்றார். “பறக்காத பெரிய பறவை. ஒரு விதத்தில் புறாவுக்குச் சொந்தம். இந்தத் தடித்த ஓடு பெரிய ஆமையுடையது. ஒரு ஆள் அதன்மேல் ஏறி உட்காரலாம், அவ்வளவு பெரிது. இந்த அலகு ஒரு கிளியுடையது. இப்படிப்பட்ட கிளி இப்போது கிடையாது. இருநூறு வருஷத்துக்கு முன்பே எல்லாம் அழிந்துவிட்டன. இந்தச் சேற்றில் கிடப்பவை அதைவிடப் பழையவை. மனிதன் கால் வைப்பதற்கு ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முன்பு வாழ்ந்தவையாகக்கூட இருக்கலாம்.”

“எப்படி வாழ்ந்துச்சு?”

ஃப்ரான்சிஸ் புத்தகங்களில் படித்ததைச் சொன்னார். டோடோ கொழுத்த பறவை, சோம்பேறி, மந்தபுத்தி. ஓடத் தெரியாது. ஆட்களைக் கண்டால் விலகக்கூடத் தெரியாது. அதனால்தான் அழிந்தது.

தெய்வானைக்கு அது பிடிக்கவில்லை. அவளுடைய கோழிகளை யாராவது குறைசொன்னால் எப்படிக் கோபம் வருமோ அப்படிக் கோபம் வந்தது. அவள் எடுத்து ஓரமாக வைத்திருந்த ஒரு கல்லை நீட்டினாள். கோழிமுட்டையைவிடச் சின்னது. கறுப்பு, எண்ணெய் தடவினாற்போல் வழவழப்பு.

“இந்த மார்ல இப்படிக் கல்லு கிடையாது, மிசியே. ஆத்துக்கல்லும் இல்லை. எலும்புக்கூட்டோட விலா எலும்புக்குக் கீழ கிடந்துச்சு. நான் கோழி அறுக்கும்போது இரைப்பைக்குள்ள தினம் பார்க்கிறேன், பொடிக்கல்லு. அதுக்குப் பல்லு இல்லையே, கல்லை முழுங்கித்தான் தானியத்தை அரைக்குது. இது அந்தப் பறவையோட அம்மிக்கல்லு. எவ்வளவு கெட்டியான கொட்டையைத் தின்னிருந்தா இவ்வளவு பெரிய கல்லு வேணும்! இந்த மாதிரி கல்லைத் தேடிப் பொறுக்கி முழுங்கத் தெரிஞ்சது மந்தபுத்தியா?”

ஃப்ரான்சிஸ் கல்லை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

“சொல்லுங்கள், மதாம். இன்னும் என்ன தெரிகிறது?”

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொடை எலும்பில் சதை ஒட்டியிருந்த மேட்டை விரலால் தடவிக் காட்டினாள். நடக்காத கோழிக்கு இந்த மேடு இருக்காது, இது நன்றாக ஓடிய கால் என்றாள். தரையில் முட்டையிட்டிருக்குமா என்று கேட்டாள். ஆமாம், ஒரே ஒரு முட்டைதான் என்று மாலுமிகள் எழுதிவைத்திருப்பதாக அவர் சொன்னார்.

“அப்புறம் எலியும் பன்றியும் குரங்கும் கப்பல்ல வந்து இறங்கிச்சு. இல்லையா? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தீவுக்குக் கீரியைக் கொண்டுவந்து விட்டாங்க. என் கோழிங்க கூண்டுக்குள்ள இருந்தே முட்டையைக் காப்பாத்த முடியலை. தரையில கிடந்த ஒத்த முட்டையை அது எப்படிக் காப்பாத்தும்? அது வரைக்கும் எத்தனை சூறாவளி, எத்தனை வறட்சி! அத்தனையையும் தாங்கித்தானே நின்னுச்சு?”

மேல்பக்கத்தில் திருவேங்கடத்தின் கிணறு எட்டடியில் பாறையைத் தொட்டுவிட்டது. கூட வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள். அவனுக்கோ கீழே என்ன பேச்சும் சிரிப்பும் என்று அறிய ஆவல். மெதுவாக இறங்கி வந்து, பயத்தை வெளியே காட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்றான். துணிமேல் வரிசையாகக் கிடந்த கால் எலும்புகளில் ஒன்று கோணலாக இருந்தது. நடுவில் வெல்ல உருண்டை ஒட்டினாற்போல் ஒரு புடைப்பு.

“இது ஏன் இப்படி இருக்கு?” என்றான்.

“முறிந்து, கூடிய எலும்பு” என்றார் ஃப்ரான்சிஸ். “பல மாதம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் அந்தப் பறவை வெகுநாள் வாழ்ந்திருக்கிறது.”

திருவேங்கடம் கீழே உட்கார்ந்தான். இடது காலை நீட்டித் தன் முழங்காலுக்குக் கீழே இருந்த புடைப்பைத் தடவினான். பிறகு அந்த எலும்பை முதல்முறையாகக் கையில் எடுத்து அதே இடத்தைத் தடவினான்.

“எனக்கு மூணு மாசம் இவ கஞ்சி ஊத்தினா” என்றான். “இதுக்கு யார் ஊத்தினது?”

“யாருமில்லை.”

“ஒத்தக் கால்ல குதிச்சுக் குதிச்சே பழம் பொறுக்கித் தின்னிருக்கு!” அவன் முகம் விரிந்தது. “பலே ஆளுதான் நீ” என்று எலும்பிடம் சொன்னான். பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அடுத்த நாள் காலையில்தான் அந்த விஷயம் தெரிந்தது. குழியை நடுப்பக்கம் அகலப்படுத்தியபோது எலும்புகள் வேறு மாதிரி வந்தன. ஓரத்தில் எல்லாம் கலைந்து படுத்துக் கிடந்தன. நடுவில் கால் எலும்புகள் மட்டும் செங்குத்தாக நின்றன. ஜோடி ஜோடியாக, விரல்கள் கீழேயும் முட்டி மேலேயுமாக. பக்கத்தில் ஆமையின் தூண் போன்ற கால்களும் அதேபோல் நின்றன. ஃப்ரான்சிஸ் ஒன்றை அவசரமாக இழுக்கப்போய் உடைத்துவிட்டு நொந்துகொண்டார்.

“செத்த பிராணி படுத்துத்தானே கிடக்கும்?” என்றார். “இது ஏன் நிற்கிறது?”

தெய்வானை குழியின் விளிம்பில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து வீட்டு அலமேலுவைக் கூப்பிட்டாள். அலமேலுவிடம் மூன்று பசுக்கள் இருந்தன. தண்ணீர் குறைந்ததால் மூன்றும் விலா தெரிய நின்றன.

“அலமேலு, போன வாரம் ஆத்தோரத்துல உன் பசு மாட்டிக்கிச்சே, எப்படி நின்னுச்சு?”

“அதை ஏன் கேக்கிற, அக்கா? நாலு காலும் நட்ட கம்பு மாதிரி சேத்துல இறங்கிடுச்சு. ஆறு ஆம்பளைங்க கயிறு கட்டி இழுத்தாங்க.”

“இழுக்காம விட்டிருந்தா?”

“அங்கேயே செத்திருக்கும்.”

“உடம்பு சரிஞ்சு மக்கிப் போயிருக்கும். காலு அப்படியே நின்னிருக்கும்.” தெய்வானை எழுந்தாள். அவள் கண்கள் பளபளத்தன. “ஏங்க, இங்க வெட்டுங்க. இந்தக் காலுங்க நிக்கிற இடத்துல.”

திருவேங்கடம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். “இங்க தண்ணி இருந்தா இதெல்லாம் ஏன் சாகுது? தண்ணி இல்லாமத்தானே செத்துச்சு?”

“தாகத்துல செத்திருந்தா காட்டுல அங்கங்க செத்திருக்கும். இதுங்க இங்க வந்து சேர்ந்திருக்கு. கிளி, டோடோ, ஆமை எல்லாம். மிசியே, ஆமை எத்தனை நாள் தண்ணி இல்லாம இருக்கும்?”

“மாசக்கணக்கில் இருக்கும், மதாம்.”

“அந்த ஆமையே இங்க வந்திருக்குன்னா வேற எங்கயும் சொட்டுத் தண்ணி இல்லைன்னு அர்த்தம். அவ்வளவு வறட்சியிலயும் இங்க சேறு இருந்திருக்கு. காஞ்ச மண்ணுல காலு இறங்காது. அடியில ஊறாம சேறு எப்படி வரும்? எல்லாம் ஒரே குட்டைக்கு வந்து முட்டி மோதியிருக்கு. முன்னால நின்னதை ஆமை நெட்டித் தள்ளியிருக்கும். பாவம், மாட்டிக்கிச்சு. மாட்டினது சிலதுதான். தப்பிச்சுக் குடிச்சுப் போனதோட எலும்பு இங்க இருக்காது இல்லையா? குடிச்சுப் போனதாலதான் அதுங்க வம்சம் தழைச்சுது.”

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். ஃப்ரான்சிஸ் குறிப்பேட்டை மறந்து வாயைப் பிளந்து நின்றார்.

திருவேங்கடம் சிரித்தான். “சரி. உன் கோழிங்க சொல்ற இடத்துலயே வெட்டுறேன். தண்ணி வரலைன்னா அதுங்ககிட்டத்தான் கேப்பேன்.”

எலும்புகளை எடுக்க இரண்டு நாள் தவணை தரும்படி ஃப்ரான்சிஸ் கையெடுத்துக் கும்பிட்டார். மருந்துக்கடைக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். மருந்து கலப்பவருக்கே வயிற்றுவலியா என்று ஊர் சிரித்தது. ஆனால் அதே ஊர் கூடையும் சல்லடையுமாக வந்து இறங்கிவிட்டது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் மண்ணிலிருந்து எலும்பு பொறுக்கினார்கள். அலமேலு தன் சுண்டுவிரல் நகத்தளவே இருந்த ஒரு பல்லி எலும்பைக் கண்டுபிடித்து, அதை ஃப்ரான்சிஸிடம் கொடுக்க மனமில்லாமல் அரைநாள் முந்தானை முடிச்சில் வைத்திருந்தாள். ஒருவருக்கொருவர் “இது யாரோட மூக்கு?”, “உன் மாமியாரோடதுதான்” என்று ஒரே கூத்து. பஞ்ச காலத்தில் அந்தச் சரிவில் அவ்வளவு சிரிப்பு கேட்டது அதுதான் முதல்முறை.

மூன்றாம் நாள் எலும்புப் படுகை முடிந்து கல் வந்தது. பாறை இல்லை, தனித்தனியான பெரிய கறுப்புக் கற்கள். திருவேங்கடம் கடப்பாரையை இரண்டு கல்லுக்கு நடுவே விட்டு நெம்பினான். அசையவில்லை. இன்னும் மூன்று பேர் இறங்கினார்கள். நாலு பேரும் சேர்ந்து “ஏலோ!” என்று உந்தியபோது கல் புரண்டது. அடியில் குளிர்ந்த காற்று வந்ததுபோல் திருவேங்கடத்துக்குத் தோன்றியது. குனிந்து கையை விட்டான்.

“ஈரமா?” தெய்வானை மேலிருந்து கேட்டாள்.

அவன் இரண்டு கையையும் குவித்து உயர்த்தினான். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அவன் அதை அப்படியே தன் தலையில் ஊற்றிக்கொண்டான்.

முதலில் மை போல வந்தது. ஒரு மணி நேரத்தில் தேநீர் நிறமானது. பிற்பகலுக்குள் நின்ற ஆட்களின் முழங்காலுக்கு ஏறி, அடியிலிருந்த கல்லெல்லாம் கண்ணாடிபோல் தெரிந்தது. அலமேலு வாளியை இறக்கினாள். தான் குடிக்கவில்லை, முதல் வாளியைப் பசுவிடம் வைத்தாள். பசு மூக்கை முக்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாளியை நக்கியது. கோயிலில் மணியடிக்கும் வீரசாமி ஓடிப்போய் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து கிணற்றில் தூவினார். யாரோ தவில் எடுத்து வந்தார்கள். ஃப்ரான்சிஸ் தொப்பியில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, தவிலுக்கு ஏற்றபடி சேகா என்னும் தீவு நடனம் ஆடினார். தாளம் ஒட்டவேயில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தெய்வானை மூன்று கோழி அடித்து எல்லோருக்கும் குழம்பு வைத்தாள். ஃப்ரான்சிஸைச் சமையல் கொட்டகைக்குக் கூப்பிட்டு, ஓர் இரைப்பையைக் கீறிக் காட்டினாள். உள்ளே பொடிக்கற்கள் மின்னின. அவர் அந்தக் கற்களைத் தன் கைக்குட்டையில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

ஜனவரியில் மழை வந்தது. அதுவரை அந்தக் கிணறு ஏழு குடும்பங்களுக்கும் அவர்கள் மாடுகளுக்கும் வற்றாமல் ஊறியது. எல்லோருடைய கரும்பையும் காப்பாற்ற முடியவில்லை. பாதிக்கரும்பு பிழைத்தது. ஆனால் யாரும் மாட்டை விற்கவில்லை, யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை.

ஃப்ரான்சிஸ் மருந்துக்கடையின் பின்னறையில் ஒரு முழு டோடோவைக் கம்பியில் கட்டி நிறுத்தினார். முதலில் பாதிரியார் பிரசங்கம் செய்வதுபோல் அதை நெஞ்சை நிமிர்த்தி நிற்க வைத்திருந்தார். தெய்வானை வந்து பார்த்து, இப்படி நின்றால் பின்னால் விழுந்துவிடும் என்று சொல்லி, கழுத்தை முன்னே நீட்டவும் முதுகைக் கிடையாக வைக்கவும் சொன்னாள். கம்பியை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஒரு வாரம் ஆனது. கட்டி முடித்ததும், அது எதையோ பார்த்துவிட்டு இதோ ஓடப்போகிறது என்பதுபோல் இருந்தது. அதைப் பார்க்கத் தலைநகரை ஒட்டிய ரோஷ் புவாவிலிருந்துகூட ஆட்கள் ரயிலேறி வந்தார்கள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ஃப்ரான்சிஸ் கையில் சில தாள்களுடன் சரிவில் இறங்கி வந்தார். தலைநகர் போர்ட் லூயியில் உள்ள கற்றவர்கள் சபைக்கு அனுப்ப ஒரு கட்டுரை எழுதியிருந்தார். திருவேங்கடமும் தெய்வானையும் கரும்புக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரப்பில் நின்றே பிரெஞ்சில் வாசித்தார்.

“எங்களுக்கு அந்தப் பாஷை வராது, மிசியே” என்றாள் தெய்வானை. “என்ன சொல்லியிருக்கு?”

அவர் கிரியோலில் சொன்னார். இந்தப் பறவை சோம்பேறியோ மந்தபுத்தியோ அல்ல. கல்லை விழுங்கிக் கொட்டையை அரைத்தது. முறிந்த காலோடு பிழைத்தது. தீவில் கடைசித் தண்ணீர் எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இவற்றையெல்லாம் எலும்பிலிருந்து படித்துச் சொன்னவர், சவான் மாவட்டத்தில் பயிர்செய்யும் மதாம் தெய்வானை.

திருவேங்கடம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். “உன் பேரு புத்தகத்துல!”

தெய்வானை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கத்தில் குனிந்து இன்னொரு களையைப் பிடுங்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“எல்லாம் சரி, மிசியே. ஓடும்னு எழுதினீங்களா?”

ஃப்ரான்சிஸ் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது.

“இல்லை, மதாம். விட்டுப்போய்விட்டது.”

“அதைப் போடுங்க” என்றாள் தெய்வானை. “வேகமா ஓடும்னு போடுங்க.”

அவர் வரப்பில் உட்கார்ந்து, தாளை முழங்கால்மேல் வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்.